சான் அன்ரோனியோவில் ஒரு மெழுகுதிரி

தம்பி கனடாவுக்கு வந்துகொண்டிருந்த மாதங்களில் எங்கள் குசினி மேசையில் ஒரு வரைபடம் விரித்தபடியே கிடந்தது. பார்க்டேல் லைபிரரியில் இருந்த பெரிய அட்லஸில் மெக்சிக்கோவும் அமெரிக்காவின் தென்பகுதியும் வருகிற பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுத்து, ஒட்டி, நான்தான் கொண்டுவந்து விரித்தேன். அதன்மேல் சோற்றுக்கோப்பை வைக்க அம்மாவுக்கு மனம் வராது. மடித்து வைக்கவும் விடமாட்டார். மடித்தால் பொடியன் வழியில் நின்றுவிடுவான் என்று ஒரு பயம். அதனால் நாங்கள் இரண்டு பேரும் சோபாவில் இருந்து மடியில் கோப்பையை வைத்துச் சாப்பிட்டோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பா இல்லை. நானும் அம்மாவும் ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு குளிர் தாண்டியிருந்தது. தம்பி கொழும்பில் லொட்ஜில் ஒளிந்து ஒளிந்து இருந்தான். அவனைக் கூப்பிட ஒரு ஏஜென்சிக்காரனை எங்களுக்குக் காட்டித் தந்தவர் எதிர்க்கதவு அக்கா. எங்கள் அப்பார்ட்மென்ற் கதவைத் திறந்தால் நடைக்கு மறுபக்கம் அவருடைய கதவு. ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்குகிற வேலை செய்தார். கலியாணம் கட்டி ஒரு வருசம்கூட ஆகாமல் இவர் இங்கே வந்துவிட, புருசன் அங்கே மாட்டுப்பட்டுக் கிடந்தார். தம்பியும் அந்த அண்ணையும் ஒரே நாளில், ஒரே பிளேனில் கொழும்பை விட்டு வெளிக்கிட்டார்கள். ஐரோப்பா சுற்றி, குவாத்தமாலாவில் இறங்கி, மெக்சிக்கோ கடந்து, அமெரிக்காவுக்குள் நுழைந்து, கடைசியில் கனடா எல்லையில் வந்து அகதி என்று சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் அப்படித்தான் வந்தார்கள்.

ஏஜென்சிக்காரன் கிழமைக்கொருமுறை ரெலிபோன் எடுத்து ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லுவான். அவ்வளவுதான். நான் வரைபடத்தில் அந்த ஊரைத் தேடிப் பென்சிலால் வட்டம் போடுவேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பார். அப்படித்தான் அந்தக் கூத்துத் தொடங்கியது.

"உதென்ன பேர்?"

"சான் கிறிஸ்தோபல்."

"கிறிஸ்தோப்பரெல்லோ! வழிப்பயணத்துக்குப் பாதுகாவலர். பக்கத்திலை?"

"சாந்தா குரூஸ்."

"திருச்சிலுவை. அங்காலை?"

"சான்தியாகோ."

"சந்தியோகுமையோர்! ஆண்டவரே! மெய்யேடி, உது எங்கடை பக்கத்துப் பங்குக் கோயிலுகளை வாசிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு!"

எனக்கும் சிரிப்பு வந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கர். எங்கள் ஊர்க் கோயில் அந்தோனியார் கோயில். புனிதர்கள் அம்மாவுக்கு அயலட்டை. அவர்களை ஏசுவார், கெஞ்சுவார், சில நாளில் கோபித்துக்கொண்டு மெழுகுதிரி கொளுத்தாமலும் விடுவார். எல்லைக் கோட்டுக்கு மேலே போனால் அமெரிக்காவுக்குள்ளும் அதே ஆட்கள் நின்றார்கள். சான் ஹோசே என்றால் சூசையப்பர். சான் பிரான்சிஸ்கோ என்றால் அசிசியார். லொஸ் ஏஞ்சல்ஸ் என்றால் சம்மனசுகள் என்று நான் சொன்னதும் அம்மா கையைத் தட்டினார். "அப்ப அமெரிக்கா முழுக்க எங்கடை ஆக்கள்தானே! இதுக்கு ஏன் உவன் ஏஜென்சி?"

பிறகு அவருடைய விரல் ரெக்சசில் ஓரிடத்தில் போய் நின்றது. நான் வாசிக்காமலே அந்த எழுத்துகளை ஒருமாதிரிக் கூட்டிப் பிடித்துவிட்டார். சான் அன்ரோனியோ. அம்மா அந்த இடத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டார்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சில்லை. பொடியன் அந்தோனியாரின் ஊரைத் தாண்டித்தான் வரவேண்டும், ஆகவே அவன் தவறமாட்டான். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அவர்தானே. செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி கொளுத்தி, அந்த ஊரில் என் பிள்ளை உன் காலடிக்கு வந்து ஒரு திரி வைப்பான் என்று நேர்ந்தும் வைத்தார். எதிர்க்கதவு அக்கா சைவம். அவர் ஞாயிறுகளில் பஸ் மாறி மாறி றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போவார். "அன்ரி, எங்கடை ஆளின்ரை பேரிலை அங்கை ஒரு ஊரும் இல்லையோ?" என்று பகிடியாகக் கேட்பார். அம்மா மிகவும் யோசித்து, "உம்மடை மனுசனும் என்ரை மோனோடைதானே பிள்ளை வாறார். அந்தோனியார் ஆள் பாத்துச் செய்யமாட்டார்" என்று சொல்லுவார்.

எனக்கு ஒரு குணம். யாராவது ஒன்றைச் சந்தோசமாகச் சொன்னால், அது எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்க்காவிட்டால் மனம் ஆறாது. தொழிற்சாலையில் பெட்டி அடைத்துவிட்டு வருகிற வழியில் லைபிரரிக்குள் போய், இந்தப் பெயர்களை யார் வைத்தது என்று தேடி வாசித்தேன். ஸ்பானியப் படைகள்தான். குதிரையும் துவக்கும் குருமாரும் சேர்ந்து புறப்பட்டுப் போவார்கள். ஓர் ஆற்றங்கரைக்கோ குன்றடிக்கோ போய்ச் சேர்ந்ததும் நாட்காட்டியைப் பார்ப்பார்கள். அன்றைக்கு எந்தப் புனிதரின் திருநாளோ அந்தப் பெயர் அந்த இடத்துக்கு. எங்கள் ஆட்கள் பிள்ளை பிறந்த நாளின் புனிதரைப் பார்த்துப் பெயர் வைப்பதுபோலத்தான். வித்தியாசம் என்னவென்றால், அந்த ஆற்றங்கரைக்கு ஏற்கனவே பெயர் இருந்தது. அங்கே சனம் இருந்தது. அந்தோனியார் திருநாளில் அவர்கள் போய் இறங்கிய கரையில் இருந்த சனம் அந்த இடத்தை வேறு பெயரால் அழைத்ததாம். அந்தப் பெயரும் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லி அழைக்க அந்தச் சனம்தான் மிஞ்சவில்லை.

வாசித்துவிட்டு வெளியே வந்தால் குயின் வீதி. கீழே இறங்கினால் கிங் வீதி. ஸ்பானியன் போன இடமெல்லாம் புனிதர், ஆங்கிலேயன் போன இடமெல்லாம் ராசாவும் ராணியும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம் கொட்டினேன்.

"உங்கடை அந்தோனியார் அங்கை தானா நடந்து போகேல்லை அம்மா. துவக்கோடை கொண்டுபோய் வச்சவங்கள்."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "அங்கை இருந்த சனம் என்னவானது?" என்று கேட்டார்.

"வேதத்திலை சேத்தவங்கள். கோயில் கட்டக் கல்லுச் சுமக்க வச்சவங்கள். கனபேர் நோய் வருத்தம் வந்து செத்துப் போச்சினம்."

அம்மா தண்ணீரை வடித்தார். "எங்கடை கரைக்கும் போர்த்துக்கீசன் அப்பிடித்தானே கொண்டந்தவன்" என்றார். "எங்கடை பேருக்குப் பின்னாலை தொங்கிறது அவன்ரை பேர்தானே. அதுக்காக? கொண்டந்தவன் போயிட்டான். நாங்கள் கூப்பிடக் கூப்பிட நிண்டது இவர்தானேடி."

நான் முணுமுணுத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரெலிபோன் அடித்தது. எதிர்க்கதவு அக்காவும் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான். எடுத்தால் தம்பி. ஏஜென்சிக்காரனின் ஆளல்ல, அவனே. எல்லை கடந்தாயிற்று. ஆறேழு பேரும் ஒரு மோட்டலில் நிற்கிறார்கள். நாளைக்குக் காலையில் ஒரு வான் அவர்களை ஏற்றிக்கொண்டு வடக்கே வெளிக்கிடும்.

"எந்த இடமடா?" என்றேன்.

"சான் அன்ரோனியோ."

ரிசீவரை என் கையில் விட்டு வைக்க அம்மாவுக்கு ஏது பொறுமை. பறித்து எடுத்தார். அழுகையும் சிரிப்புமாய், சாப்பிட்டியோ, காய்ச்சல் கீச்சலோ என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தம்பி, அந்தோனியாற்றை ஊருக்குள்ளை வந்திட்டு அவரைக் காணாமல் வெளிக்கிடக் கூடாது. நான் நேந்திருக்கிறன். அவற்றை கோயில் எங்கை எண்டு கேட்டுப் போய் ஒரு மெழுகுதிரி வச்சிட்டு வந்து வானிலை ஏறு."

"அம்மா, உதென்ன விசர்க்கதை! அவன் ஒளிச்சு நிக்கிறான். வெளியிலை திரியச் சொல்லுறியளோ?" என்று நான் கத்தினேன்.

"நீ சும்மா கிட. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போறவனை ஆர் பிடிக்கிறது?"

தம்பி அம்மாவின் சொல்லைத் தட்டாத பிள்ளை. ஓம் என்றுவிட்டான். பிறகு ரிசீவர் கைமாறி, அந்தப் பக்கம் அண்ணையும் இந்தப் பக்கம் அக்காவும் கதைத்தார்கள். ரெலிபோன் காட் முடிகிற அவசரம். அக்கா "சாப்பிட்டியளோ, நித்திரை கொண்டியளோ" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். வைத்த பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "எவ்வளவு கதைக்கோணும் எண்டிருந்தன். ஒரு கண்டறியாத சாப்பாட்டுக் கதை!"

ஞாயிறு போயிற்று. ஒரு சத்தமும் இல்லை. திங்கள் பின்னேரம், எடுக்கிறவர் காசு கட்டுகிற கலெக்ற் கோல் வந்தது. தம்பியின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது.

"அக்கா, வானைத் தவறவிட்டிட்டன். ஒரு கோயிலடியிலை நிக்கிறன். கோயிலைப் பாக்கிற ஒரு மெக்சிக்கோ அம்மா தன்ரை வீட்டிலை இடம் தந்திருக்கிறா."

"மற்ற ஆக்கள்?"

"அவை... வான் போயிட்டுது அக்கா."

நான் அன்றைக்கு அம்மாவைப் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் மெழுகுதிரியால் பிள்ளையை நடுத்தெருவில் விட்டீர்கள் என்றேன். அம்மா அந்தோனியார் சுருபத்துக்கு முன்னால் போய் முழங்காலில் இருந்தார். எதிர்க்கதவு அக்காதான் எங்களைத் தேற்றியவர். "யோசிக்காதேங்கோ. இவர் முதல்லை வந்து சேரட்டும். வழி வாய்க்கால் தெரிஞ்சிடுமெல்லோ, தம்பியைக் கூப்பிடலாம்." அந்தக் கிழமை முழுக்க அக்கா வேலை முடிந்து வந்து வீடு கழுவினார். யன்னலுக்குப் புதுச்சீலை போட்டார். புருசனுக்கு மீன் குழம்பு பிடிக்குமென்று எந்தக் கடையில் நல்ல விளைமீன் வரும் என்று அம்மாவிடம் விசாரித்தார்.

மற்றக் கிழமைதான் ஏஜென்சிக்காரன் உண்மையைச் சொன்னான். வான் வடக்கே போகவே இல்லை. சான் அன்ரோனியோவிலேயே பிடிபட்டுவிட்டது. எல்லோரையும் பிடித்து மறியலில் அடைத்துவிட்டார்கள். அறுவான், இத்தனை நாளும் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான்.

செய்தி கேட்டதும் அம்மா முதலில் நெஞ்சில் சிலுவை போட்டார். பிறகு எழுந்து நின்றார். அவருடைய முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை வானில் ஏறவில்லை. ஏறியிருந்தால்? "அந்தோனியார் மறிச்சு வச்சிட்டார்" என்றார். "என்ரை பிள்ளையைத் தன்ரை கோயிலுக்குக் கூப்பிட்டு மறிச்சு வச்சிட்டார்." இவ்வளவு நாளும் வாசித்துவிட்டு நியாயம் கதைத்த எனக்கும் உடம்பு சிலிர்த்ததை மறைப்பானேன். எனக்குத் தம்பி பிழைத்தது போதும். புனிதரோ பூதமோ, யார் செய்தாலென்ன என்றிருந்தது.

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். தம்பிக்கு வாயும் இல்லை, மொழியும் இல்லை. அந்த மெக்சிக்கோ அம்மாதான் பஸ் ஏற்றிவிட்டார். நாள்கணக்கில் பஸ்ஸில் இருந்து பஃபலோவுக்கு வந்து, பாலம் கடந்து கனடா எல்லையில் அகதி என்று சொல்லி, ஒரு குளிர்நாளில் எங்கள் கதவைத் தட்டினான். அம்மா அவனைக் கட்டிப்பிடித்து முகமெல்லாம் தடவினார். அவன் சிரிக்கவில்லை. பயணக் களை என்று நினைத்தோம்.

அடுத்த செவ்வாய் அம்மா அந்தோனியார் பாண் கொடுத்தார். நேர்த்தி நிறைவேறினால் புனிதரின் பெயரால் ஏழைபாழைக்குப் பாண் கொடுப்பது எங்கள் வழக்கம். பார்க்டேலில் ஏழையை எங்கே தேடுவது, எல்லோரும் ஏழைதானே என்று சொல்லி, எங்கள் மாடியில் இருந்த ஒவ்வொரு கதவுக்கும் பேக்கரியில் வாங்கிய ஒரு பாண் கொண்டுபோனார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். எதிர்க்கதவு அக்கா பாணை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒத்திக்கொண்டார். அவருடைய புருசன் அப்போது ரெக்சசில் மறியலில் இருந்தார். அம்மா அவருடைய தோளைத் தடவி, நல்ல மனத்தோடுதான், ஒன்று சொன்னார். "அண்டைக்கு உம்மடை மனுசனும் இவனோடை கோயிலுக்குப் போயிருந்தால், இண்டைக்கு இரண்டு பேரும் வந்திருப்பினம் பிள்ளை."

"ஓம் அன்ரி. அவருக்கு ஆர் சொல்லுறது" என்றார் அக்கா.

தம்பி அந்தப் பாணைத் தொடவில்லை. பசியில்லை என்றான். அதற்குப் பிறகு அவன் எதிர்க்கதவு திறக்கிற சத்தம் கேட்டால் அறைக்குள் போய்விடுவான். நடையில் அக்கா வந்தால் படிக்கட்டால் இறங்கிப் போவான். வெட்கப்படுகிறான் என்றார் அம்மா. குளிர் முடிந்து கோடை வந்தது. அண்ணையை மறியலில் இருந்து எடுக்க அக்கா ஒரு சட்டத்தரணியைப் பிடித்தார், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார், எங்கள் அந்தோனியாருக்கும் செவ்வாயில் வந்து திரி கொளுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் இறங்கிய உடனேயே அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று யாரோ கண்டவர்கள் சொன்னார்கள். எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை. இன்றுவரைக்கும் இல்லை.

அந்தச் செய்தி வந்து சில நாள் கழித்து, நானும் தம்பியும் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு இருந்தோம். மெசின் சுற்றுகிற சத்தத்தில் அவன் திடீரென்று, "அந்த வான் போகேல்லை அக்கா" என்றான்.

"தெரியும்தானே. பிடிபட்டது."

"இல்லை. அது எனக்காக நிண்டது."

நான் சுவரோர மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அவன் மெசினின் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான். அன்றைக்குக் காலையில் வான்காரனிடம் கோயிலுக்குப் போகவேணும் என்று கேட்டானாம். வான்காரனும் கத்தோலிக்கன். சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் நிற்கமாட்டேன் என்றானாம். பக்கத்தில் நின்ற அண்ணை, "நீ போயிட்டு வா. அம்மா கேட்டதெல்லோ. நீ வராமல் வான் கதவைச் சாத்த நான் விடமாட்டன்" என்று சொல்லி அனுப்பினாராம்.

அந்தோனியார் கோயில் எது என்று அவன் வழியில் கேட்ட ஒவ்வொருவரும் ஒரே பக்கம் கையைக் காட்டினார்கள். ஸ்பானியக் குருமார் அந்த ஊரில் அந்தோனியாரின் பெயரில் கட்டிய முதல் கோயில். போய்ப் பார்த்தால் கல்லுக் கட்டிடம் இருக்கிறது, வாசலில் சனம் வரிசையில் நிற்கிறது. உள்ளே பீடம் இல்லை. சுருபம் இல்லை. எப்போதோ நடந்த ஒரு சண்டையின் நினைவிடமாக்கி வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் துவக்குகள், செத்த போர்வீரர்களின் பெயர்கள். தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். மெழுகுதிரி எங்கே வைப்பது என்று இவன் கேட்க, காவலாளி சிரித்தானாம். "அவற்றை வீட்டிலை அவர் இல்லை அக்கா" என்றான் தம்பி. "திரி வைக்காமல் திரும்பினா அம்மாவுக்கு என்ன சொல்லுறது எண்டு, வேறை கோயில் தேடி நடந்தன். ஒண்டு கிடைச்சுது. பூசை முடியும் மட்டும் உள்ளுக்குப் போகேலாமல் நிண்டு, பேந்து போய்க் கொளுத்தினன். திரும்பி வரேக்கை கனக்கப் பிந்திப் போச்சு."

"வான்?"

"மோட்டலுக்குப் பக்கத்துப் பெற்றோல் ஸ்ரேசனடியிலையே நிண்டது. கனநேரம் நிண்டா ஆரும் பாப்பினம்தானே. பொலிஸ் கார் இரண்டு நிண்டுது. எல்லாரையும் இறக்கிக்கொண்டிருந்தாங்கள். அண்ணை வானின்ரை கதவைப் பிடிச்சுக்கொண்டு, ஒரு கால் மிதியிலை, ஒரு கால் நிலத்திலை. நான் வரவேண்டிய றோட்டைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவர். என்னைக் கண்டிட்டார். நான் றோட்டுக்கு இஞ்சாலை. கை தூக்கப் போனன் அக்கா. அவர் என்னைப் பாத்திட்டு, ஆரோ தெரியாத ஆளைப் பாத்த மாதிரி முகத்தை அங்காலை திருப்பிட்டார்."

அவ்வளவையும் சொல்லிவிட்டு அவன் ஈர உடுப்பை எடுத்து உதறத் தொடங்கினான். என் பிள்ளை, எத்தனை மாதம் இதை விழுங்கிக்கொண்டு இருந்தாயடா என்று நான் அவனைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அம்மாவிடம் அவனே சொன்னான். அவன் முடித்த பிறகு அம்மா, "நான் ஒரு மெழுகுதிரிதானே கேட்டனான்" என்றார், யாரிடம் என்று தெரியாமல். பிறகு கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு எழும்பினார். "வா, நட."

"எங்கை?"

"எதிர்ப்பக்கம்."

எனக்குப் பதறிப்போயிற்று. "அம்மா, அவ ஏற்கனவே செத்துப்போய் இருக்கிறா. இதைச் சொல்லி அவவுக்கு என்ன வரப்போகுது? ஆறின புண்ணைக் கிளறாதேங்கோ. எங்களோடை முடியட்டும்."

"ஆறினதோ? ஆருக்கு ஆறினது?" அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒதுங்கிவிட்டேன். "என்ரை பாணை அவள் கண்ணிலை ஒத்தி வாங்கினவளடி. அவள்ரை மனுசன் காத்த பிள்ளைக்கு நான் அந்தோனியாருக்கு நன்றி சொல்லிப் பாண் குடுத்தனான். அவளிட்டையே குடுத்தனான். போதாததுக்கு, மனுசன் கோயிலுக்குப் போகேல்லையெண்டு வேறை சொன்னனான்."

மூன்று பேரும் நடையைக் கடந்து போய்த் தட்டினோம். அக்கா வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றார். எங்கள் முகத்தைக் கண்டதும், அண்ணையைப் பற்றி ஏதோ செய்தி வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். "என்ன அன்ரி? என்ன? சொல்லுங்கோ!" அதை இல்லையென்று விளக்கவே எங்களுக்கு நேரம் பிடித்தது. அம்மா தொடங்கினார், முடியவில்லை. புனிதர்களைப் பற்றி ஓயாமல் கதைக்கிற வாய் அது. அண்ணையின் பெயர் வந்ததும் அம்மா தம்பியை முன்னால் இழுத்துவிட்டார். தம்பிதான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். மெழுகுதிரி, துவக்குகள், இரண்டாவது கோயில், நின்ற வான். ஒன்றையும் தனக்குச் சாதகமாகத் திருப்பவில்லை.

அக்கா கையில் இருந்த பையைக் கீழே வைத்தார். ஏசுவார், எங்களை வெளியே போகச் சொல்லுவார் என்று நான் நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருக்கும் என்றுகூட இருந்தது.

"கதவைப் பிடிச்சுக்கொண்டோ நிண்டவர்?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா."

"அவருக்கு நெடுகலும் உதே வேலை." அவருடைய வாய் கோணிக்கொண்டு வந்தது, சிரிப்பதற்கோ அழுவதற்கோ தெரியவில்லை. "பஸ்ஸிலை போனாலும் உப்பிடித்தான். ஆரும் தூரத்திலை ஓடிவாறது கண்டா மிதிபலகையிலை நிண்டு பஸ்ஸை எடுக்க விடமாட்டார். கொண்டக்ரர் பேசுவான். நான் வெக்கத்திலை மற்றப் பக்கம் பாப்பன். ஊரான் ஓடிவந்தா உங்களுக்கென்ன எண்டு எத்தினை தரம் பேசியிருப்பன்."

"என்னை மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை" என்றார் அம்மா. எங்கள் அம்மா கும்பிட்டதை அன்றைக்குத்தான் கண்டேன், சுருபம் இல்லாத இடத்தில்.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அம்மாவைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணையைக் கடைசியாகக் கண்ட, எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

"அண்டைக்கு என்ன உடுப்புப் போட்டிருந்தவர்?"

தம்பி யோசிக்கவே இல்லை. "நீலச் சேட்டு அக்கா. நீளக் கை."

"அது நான் இஞ்சையிருந்து ஒரு ஆளிட்டைக் குடுத்துவிட்டது. கடையிலை நிண்டு யோசிச்சு யோசிச்சுப் பாத்தனான், அளவு ஞாபகம் வரேல்லை. கட்டின மனுசன்ரை அளவு மறந்துபோச்சு எனக்கு." அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு எடுத்தார். "பெரிசாயிருந்ததோ தம்பி?"

"ஓம் அக்கா. கொஞ்சம் பெரிசு. கையை மடிச்சு விட்டிருந்தவர்."

அதைக் கேட்ட பிறகுதான் அக்கா அழுதார்.